கூடைகளால் வீட்டை அழகுபடுத்துதல்: குறைந்த செலவில் செய்ய விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

உடன்குடிக்குப் பக்கத்தில், பனை சூழ்ந்த ஊரில் பிறந்து வளர்ந்து, இப்போது சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் சுளகும் (முறத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்) இடியப்பத் தட்டும் மாட்டியிருக்கும். கதவோரம் கடகம் என்னும் பெரிய ஓலைப்பெட்டி ஒன்றில் குடைகள் இருக்கும். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் ஓலைப்பெட்டிகள். வருகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகக் கூடைகளோடு புழங்கிக் கற்றுக்கொண்டதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கூடைகளை வைத்து வீட்டை அழகுபடுத்த வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் உங்கள் வீட்டைக் கவனித்துப் பாருங்கள். வாசலருகே சாவியும் தலைக்கவசமும், கூடத்தில் செய்தித்தாளும் ரிமோட்டும் சார்ஜர் வயர்களும், படுக்கையறை நாற்காலியில் துவைத்து மடிக்காத துணியும், சமையலறை மேடையில் வெங்காயமும் பூண்டும் என்று, எந்தப் பொருள் எந்த இடத்தில் தினமும் சிதறிக் கிடக்கிறதோ, அந்த இடம்தான் கூடை கேட்கும் இடம். அங்கே அளவான ஒரு கூடையை வைத்துவிட்டால், சிதறல் அடங்கி, அந்த மூலைக்கே ஒரு முகக்களை வந்துவிடும். அழகுக்காக மட்டும் வாங்கி, உள்ளே ஒன்றும் போடாமல் அலமாரியின் மேல் வைக்கும் கூடை சில வாரங்களில் தூசி படிந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. வேலை செய்யும் கூடையோ தினமும் கைபட்டு, மெருகேறிக்கொண்டே வருகிறது. ஆகவே வேலைக்காகவே கூடை வாங்குங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. அழகு அதனோடு வந்து சேரும்.

வாங்கப் போகும்போது இடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டு போக வேண்டும். அலமாரித் தட்டில் வைக்கும் கூடை, தட்டின் அளவைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை குறைவாக இருந்தால்தான் உரசாமல் இழுத்து எடுக்க முடியும்.

எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

விலை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்கிறேன். ஆயிரம் ரூபாய் கையில் இருந்தால், அதில் பாதியை ஒரே ஒரு பெரிய, உறுதியான கூடைக்குச் செலவிடுங்கள். துணி, போர்வை, விளையாட்டுச் சாமான் என்று அதிகச் சிதறலை அடக்குவது அதுதான். மீதியில் சிறிய ஓலைப்பெட்டிகள் சிலவும் ஒரு முறமும் வாங்கப் பாருங்கள். மீதமுள்ள சுவரையும் மூலையையும் அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம்.

அதற்கும் முன்னால், வீட்டுப் பரணையும் சொந்த ஊர் வீட்டையும் ஒருமுறை தேடுங்கள். ஆச்சி காலத்துக் கடகம், கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டி, யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் வைத்துக் கொடுத்த கொட்டான் என்னும் சிறு ஓலைக்கூடை, கைப்பிடி மட்டும் அறுந்த வயர் கூடை என்று நாலைந்தாவது கிடைக்கும். என் வீட்டுக் கூடைகளில் ஏறத்தாழ பாதி அப்படி வந்தவைதான்.

பனை ஓலை, மூங்கில், பிரம்பு, கோரை என்று பல இருக்கின்றனவே. எதை எதற்கு வைப்பது?

பனை ஓலைப் பொருள்கள் எடை குறைந்தவை. மரத்தின் உச்சியில் இன்னும் விரியாத குருத்தோலை வெளிர் நிறமும் மென்மையும் கொண்டது. அதில் நெருக்கமாக முடைந்த சிறு பெட்டிகள் நகை, ஊசி நூல், மாத்திரை, விபூதி வைக்க ஏற்றவை. விரிந்து முற்றிய சாரோலை தடிப்பானது. பெரிய பெட்டிகளும் பாய்களும் அதில்தான். கடகம் என்னும் பெரிய பெட்டிக்கு விளிம்பில் பனை நார் கொடுத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள்; நெல்லும் கருப்பட்டியும் சுமந்த பொருள் என்பதால் போர்வையும் தலையணையும் அதற்கு ஒரு சுமையே இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களும் ஓலை வேலைக்குப் பெயர் பெற்றவை. செட்டிநாட்டில் சாயம் தோய்த்த பனை ஓலையில் முடையும் கொட்டான், முன்பு நகரத்தார் வீட்டு ஆச்சிமார் கல்யாணச் சீருக்காகத் தாங்களே செய்து, மணியும் குஞ்சமும் வைத்து அலங்கரித்தது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள். சதுர அடியும் வட்ட வாயுமாக, சிவப்பும் பச்சையும் ஊதாவும் கட்டம் கட்டமாக வரும் ஒரு கொட்டானைத் தனியாக ஒரு மேசையின் நடுவில் வைத்தாலே போதும். பக்கத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

மூங்கில் கூடை, சுமைக்கும் காற்றோட்டத்துக்கும் உகந்தது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, சிம்பு சீவி, நிமிர்ந்து நிற்கும் பத்தைகளுக்கு ஊடே மாற்றி மாற்றி ஓட்டி முடைகிறார்கள். வெங்காயக் கூடை, அழுக்குத் துணிக் கூடை, காய்கறிக் கூடை எல்லாம் இதில் அமைவதே நல்லது. கோழிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரமும் மூங்கில்தான். அதைப் பற்றி விளக்குப் பகுதியில் சொல்கிறேன்.

பிரம்பு இவற்றைவிட விலை கூடியது, ஆனால் நெடுநாள் உழைப்பது. சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடம் பக்கத்தில் தைக்கால் என்ற ஊரைக் கடந்து போகிறவர்கள் சாலையின் இரு மருங்கிலும் பிரம்பு நாற்காலிகளும் ஊஞ்சல்களும் கூடைகளும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு பிரம்புக் கூடை வாங்க முடிந்தால், கைப்பிடி வைத்த கூடையாக வாங்குங்கள். இழுத்து இழுத்துப் புழங்கும் இடத்துக்கு அது தாங்கும்.

கோரை, வாழை நார், ஆகாயத்தாமரைத் தண்டு ஆகியவற்றில் செய்த கூடைகள் மெத்தென்று இருக்கும், ஈரத்தை மட்டும் தாங்கா. குளியலறைப் பக்கம் கொண்டுபோகாமல் படுக்கையறையிலும் கூடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து உறவினர்கள் சொல்லும் நீத்துப்பெட்டி, உமல் போன்றவற்றையும் அழகுக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. யாழ்ப்பாணம் பனையின் நாடு. பனைத் தொழிலுக்கென்றே இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. நீத்துப்பெட்டி என்பது பிட்டு அவிக்கும் கூம்பு வடிவ ஓலைப்பெட்டி; அதைக் கவிழ்த்துச் சுவரில் மூன்றாக வரிசையில் மாட்டினால் கோபுரம் போல நிற்கும், நிமிர்த்திச் சுவரோடு கட்டினால் காய்ந்த பூங்கொத்து செருகும் குவளையாகும். உமல் என்னும் ஓலைப்பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிக் கடிதங்களையும் மின்கட்டண ரசீதுகளையும் போட்டு வைக்கலாம்.

எங்கே வாங்கினால் விலை குறைவாக இருக்கும்?

முடைகிறவர்களிடமே வாங்குவதுதான் உங்களுக்கும் அவர்களுக்கும் நல்லது. வாரச் சந்தைகளிலும் கோயில் திருவிழாக் கடைகளிலும், பல ஊர்களில் சாலையோர மரத்தடியிலும் மூங்கில் முடைகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மார்கழி மாதக் கடைசியில், பொங்கலுக்கு முன் வரும் சந்தைகளில் புது முறமும் கூடையும் குவிந்து கிடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவதானால் அப்போது வாங்குங்கள். அரசின் கைவினைப் பொருள் விற்பனை நிலையமான பூம்புகாரிலும் கதர் கடைகளிலும் ஓலைப் பொருள்கள் கிடைக்கும். விலை சற்றுக் கூடினாலும் பொருள் தரமாக இருக்கும். இதே பெட்டிகளையே அலங்காரப் பொருள் என்று பெயர் மாற்றி, கண்ணாடி அலமாரியில் அடுக்கி, பல மடங்கு விலை சொல்லும் கடைகளும் இருக்கின்றன. அந்தக் கூடுதல் பணத்தில் எவ்வளவு முடைந்தவர் கைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பேரம் பேசுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூங்கில் வாங்கி, பிளந்து, சீவி, காயவைத்து, முடைந்து, விளிம்பு கட்டி முடிப்பதற்குள் ஒருவருடைய பகல் பொழுதில் பெரும்பகுதி போய்விடுகிறது. வனப்பகுதிக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கி 2017ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் திருத்தம் வந்த பிறகு, விவசாயிகள் அதை வளர்த்து வெட்டுவது எளிதாகியிருக்கிறது. ஆனாலும் முடைகிறவரின் உழைப்பு நேரம் குறையவில்லை. குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்துவது என்பது அவருடைய கூலியைக் குறைத்து வாங்குவதாக இருக்கக் கூடாது. சிக்கனம் எண்ணிக்கையில் இருக்கட்டும்: மூன்று வாங்க நினைத்த இடத்தில் இரண்டு வாங்கி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஓலைக்காகப் பனையை வெட்டுகிறார்களா? ஓலைக் கூடை வாங்கினால் மரத்துக்குக் கேடு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஓலை வெட்டுவதால் பனை சாவதில்லை. குருத்தை முழுவதும் பறித்து மரத்தை வதைக்காமல், அளவறிந்து எடுப்பது பனையேறிகளுக்குத் தெரிந்த பழக்கம். பனைக்கு உண்மையான ஆபத்து, ஏறுவார் இல்லாமல் போவதில் இருக்கிறது. பயன் தராத மரம் என்று நினைத்துச் செங்கல் சூளைக்கு விற்றுவிடுகிற தோட்டங்களை நானே பார்த்திருக்கிறேன். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. சட்டம் ஒரு பக்கம் காக்கட்டும். ஓலைக்கும் நாருக்கும் பதநீருக்கும் விலை இருக்கும் வரை மரத்தின் சொந்தக்காரர் கோடரியை எடுக்க மாட்டார்.

வாங்கும்போது நல்ல கூடையை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மேற்பக்கத்தை யாரும் அழகாகக் காட்டிவிடலாம். அடியில்தான் முடைந்தவரின் கை தெரியும். ஓலைப்பெட்டியின் அடியில் நாலு மூலையும் ஒரே இறுக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் விரல் நுனி நுழையும் இடைவெளி இருந்தால், பெட்டி அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்கும். பிறகு கூடையைச் சமதரையில் வைத்து, விளிம்பில் ஒரு விரலால் அழுத்துங்கள். தட்டாமாலை சுற்றுவது போல ஆடினால் வேண்டாம். அடுத்து விளிம்பு. கூடை அறுந்து போவதென்றால் பெரும்பாலும் விளிம்புக் கட்டில் ஆரம்பித்துத்தான் கீழே இறங்குகிறது. நார்க்கட்டு ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டைத் தொட்டுக்கொண்டு நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூங்கில் கூடையானால் உள்பக்கம் கையை ஓட்டுங்கள். சிலாம்பு குத்தும் கூடையில் துணி போட முடியாது. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் குத்தினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். சாயம் தோய்த்த ஓலையானால் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், வெள்ளைத் துணிக்கும் சுவருக்கும் அருகில் அதை வைக்க வேண்டாம். கடைசியாக முகர்ந்து பாருங்கள். காய்ந்த ஓலைக்கு வைக்கோல் போன்ற இனிய மணம் உண்டு. புழுங்கிய வாடை வந்தால் ஈரத்தோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

சுவரில் மாட்டுவதற்கு எவை பொருந்தும்? எப்படி மாட்டினால் அழகாக இருக்கும்?

தட்டையானவையும் ஆழம் குறைந்தவையும்தான் சுவருக்கு. முறம், வட்டத் தட்டு, இடியப்பத் தட்டு, பழைய ஓலை விசிறி, பூக்கூடையின் மூடி ஆகியவை ஒன்றோடொன்று நன்றாக இணங்கும். ஒரே அளவில் வரிசையாக மாட்டினால் கடை போல இருக்கிறது; ஒரு பெரியது, இரண்டு நடுத்தரம், இரண்டு சிறியது என்று சேரும்போது குடும்பம் போல இருக்கிறது. சுவரில் கை வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நின்றபடி பார்த்து, மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். பிறகு செய்தித்தாளில் ஒவ்வொன்றின் வடிவத்தையும் வெட்டி, ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். கண்ணுக்குப் பழகிய பிறகு ஆணி அடித்தால் தவறாது. மொத்தக் கூட்டத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்திலும், ஒன்றுக்கொன்று இடைவெளி இரண்டு மூன்று அங்குலமாகவும் இருந்தால் சிதறியது போலத் தெரியாது.

நம் வீடுகளில் பச்சை, ரோஸ், நீலம் என்று வண்ணச் சுவர்கள் அதிகம். வைக்கோல் நிறக் கூடை அடர்ந்த நிறச் சுவரில்தான் எடுப்பாகத் தெரியும். வெள்ளைச் சுவரில் பழுத்துக் கருத்த பழைய முறமே அழகு. என் வீட்டு நடுச்சுவரில் இருப்பது ஆச்சி புடைத்த சுளகு. நாற்பது ஆண்டுகள் அரிசியும் உளுந்தும் ஏறி இறங்கி, நடுப்பகுதி தேன் நிறத்துக்கு மாறி வழவழப்பாகிவிட்டது. அவர் வலக்கை பிடித்த ஓரம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. மாலை வெயில் சன்னல் வழியே அதன் மேல் சாயும்போது ஒவ்வொரு ஈர்க்கும் தனித்தனியாக நிழல் விழுத்தும். விலை கொடுத்து வாங்கிய எதுவும் அந்தச் சுவரில் அதற்கு ஈடாக நின்றதில்லை.

வாடகை வீடு; ஆணி அடிக்கக் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணிகளை முதலில் கணக்கெடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். தூளி கட்டுவதற்கும் ஊஞ்சலுக்கும் கூரையில் விட்ட கொக்கி இருந்தால், கயிற்றில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கூடைகளைக் கோத்துத் தொங்கவிடலாம். சன்னல் கம்பி, திரைச்சீலைக் கம்பி, பரணின் விளிம்பு எல்லாம் மாட்டுமிடங்களே. ஒட்டும் கொக்கிகள் டைல்ஸ் மீதும் வழவழப்பான எமல்ஷன் பூச்சின் மீதும் பிடிக்கும். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த சுவரில் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும்.

கூடையை விளக்குக் கூடாகப் பயன்படுத்தலாமா? தீப்பிடிக்காதா?

எல்.ஈ.டி. விளக்கு வந்த பிறகுதான் இது பயமில்லாமல் செய்யக்கூடிய வேலையானது. பழைய குண்டு பல்பு தொட்டால் சுடும் அளவுக்குச் சூடாகும். ஓலைக்குள்ளும் மூங்கிலுக்குள்ளும் அதைப் போடவே கூடாது. ஐந்து முதல் ஒன்பது வாட் வரையிலான எல்.ஈ.டி. விளக்கைப் போட்டு, அது கூடையின் எந்தப் பக்கத்தையும் தொடாமல் நாலு விரல் இடைவெளியாவது இருக்கும்படி தொங்கவிடுங்கள். சூடு மேலே போக வழி வேண்டும் என்பதால் மேல்பக்கம் அடைத்திருக்கக் கூடாது. கூடையின் எடை மின்கம்பியின் மேல் விழாமல் தனிக் கயிற்றிலோ சங்கிலியிலோ தாங்க வேண்டும். இந்த இணைப்பை மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். வெள்ளை ஒளியைவிட மஞ்சள் ஒளி கூடைக்குப் பொருத்தம்.

பஞ்சாரம் இதற்குப் பிறந்த பொருள் என்றே சொல்வேன். அகலமான வாயும், குவிந்த மேல்புறமும், கண் கண்ணாக விட்ட பின்னலும் கொண்ட சிறிய பஞ்சாரத்தைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கவிட்டால், இரவில் கூரையெங்கும் அறுகோண நிழல் விரியும். நெருக்கமாக முடைந்த கூடையானால் ஒளி கீழே மட்டும் விழும். படிக்கும் மூலைக்கு அது நல்லது. எண்ணெய் விளக்குக்கும் மெழுகுவத்திக்கும் பக்கத்தில், கார்த்திகை தீபத்தன்று உட்பட, எந்தக் கூடையும் இருக்க வேண்டாம்.

செடித் தொட்டியாக வைக்கலாமா?

கூடைக்குள் நேராக மண் போட்டால் ஒரே பருவத்தில் அடி இற்றுப்போகும். செடியை அதன் பிளாஸ்டிக் தொட்டியோடு, அடியில் ஒரு தட்டு வைத்துக் கூடைக்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். அந்தத் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறைக்குக் குறையாமல் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சிறு தேக்கத்தில்தான் முட்டையிடுகிறது.

பழைய கூடை பொத்தலாகிவிட்டது. தூக்கி எறியாமல் என்ன செய்யலாம்?

நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு வழி இருக்கிறது. அது மறைந்துவருவதில் எனக்கு வருத்தம் உண்டு. பழைய செய்தித்தாளையும் நோட்டுக் காகிதத்தையும் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட வேண்டும். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியே இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். மறுநாள் காகிதத்தை ஒட்டப் பிழிந்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லிலோ கிரைண்டரிலோ அரைத்தால் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான கூழ் கிடைக்கும். வெந்தயத்தின் வழவழப்பு பசையாகக் காகிதத்தை இறுகப் பிடிக்கிறது. அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாமல் வைக்கிறது.

கூடையைத் துடைத்து, உள்பக்கம் முதலில், பிறகு வெளிப்பக்கம் என்று இந்தக் கூழை அரை விரல் தடிப்புக்கு உள்ளங்கையால் அப்பி, தண்ணீர் தொட்டுத் தொட்டு மெழுக வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் பழைய பருத்தித் துணித் துண்டை வைத்து அதன் மேல் மெழுகினால் நிற்கும். முதல் நாள் நிழலில் காயவிட்டு, அடுத்த நாள் முதல் வெயிலில் வையுங்கள்; முதலிலேயே வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். நன்றாகக் காய்ந்ததும் விரலால் சுண்டினால் ‘டொக்’ என்று மரத்தைத் தட்டிய ஓசை கேட்கும். அதன் மேல் காவியும் வெள்ளையும் பூசி, அரிசி மாவுக் கோலம் போல வெள்ளை வர்ணத்தில் இழைக்கோலம் எழுதினால் கூடத்தில் நடுநாயகமாக வைக்கலாம். ஈரம் படாத பொருள்களை மட்டும் அதில் போட வேண்டும்.

மூங்கில் கூடையின் அடியில் மாவு போலக் கொட்டுகிறது. என்ன அது?

உளுத்துப்போகத் தொடங்கியிருக்கிறது. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்பதற்காகச் சிறு வண்டுகள் துளைத்து உள்ளே போகின்றன. குண்டூசி முனை அளவு ஓட்டையும், அதன் கீழ் வெளிர்மஞ்சள் தூளும்தான் அடையாளம். எனக்கும் இப்படி நேர்ந்தது. நகரத்துக் கடை ஒன்றில் பளபளவென்று வார்னிஷ் அடித்த பெரிய கூடையை வாங்கிப் புத்தக அலமாரியின் மேல் வைத்தேன். இரண்டு மாதத்தில் அதன் கீழே இருந்த புத்தகங்களின் மேல் தூள் படிந்திருந்தது. திரும்பக் கேட்டபோது கடைக்காரர் ஈரம் பட்டிருக்கும் என்று சொல்லி முடித்துக்கொண்டார். வார்னிஷ் அடித்துவிட்டால் உள்ளே இருக்கும் வண்டு சாவதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

கூடையை உடனே மற்ற கூடைகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். வார்னிஷ் அடிக்காத கூடையானால், வாசலில் வைத்துக் கொதிக்கும் நீரை எல்லாப் பக்கமும் ஊற்றி, கொளுத்தும் வெயிலில் நாலைந்து நாள் காயவையுங்கள். சிறிய கூடையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒரு வாரம் உறைபெட்டியில் வைப்பதும் உதவும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் தோய்த்து விற்கும் மூங்கில் பொருள்கள் உளுக்காது. ஆனால் உணவுப் பொருள் வைக்க அவை கூடாது. முன்பு மூங்கிலைக் குளத்து நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரையவிட்டுத்தான் பிளப்பார்கள். அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்ட கூடைகள் ஆண்டுக்கணக்கில் நின்றன என்று ஊரில் சொல்வார்கள். புகையில் கறுத்த அந்தக் கூடைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறதே?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலைப் பொருளை வைத்திருப்பவர் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மழை தொடங்குவதற்கு முன், புரட்டாசி வெயிலில் எல்லாவற்றையும் ஒரு நாள் மொட்டை மாடியில் பரப்பிக் காயவைத்துவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிக் கூடை மாட்டியிருந்தால், பின்னால் காற்றுப் போக ஒரு தக்கையை வைத்து அரை அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் காய்ந்த தூரிகையால் வெளியே வைத்துத் தட்டி, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெயில் வந்ததும் காயவைக்கலாம். ஓலையை வெயிலில் காயவைப்பது வேறு, தினமும் வெயில் அடிக்கும் சன்னலில் வைத்திருப்பது வேறு. இரண்டாவதால் நிறம் வெளுத்து ஓலை நொறுங்கும். பெட்டிகளுக்குள் ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்தால் பூச்சி அண்டாது.

வயர் கூடையைக் கூடத்தில் வைத்தால் நன்றாக இருக்குமா?

நன்றாக இருக்கும் என்பதே என் கருத்து. அது பிளாஸ்டிக்தான், ஆனால் வீட்டில் இருந்தபடியே எத்தனையோ அம்மாக்களும் அத்தைகளும் கையால் பின்னியது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் வைத்திருப்பதே அந்தக் கலை எவ்வளவு வேரூன்றியது என்பதைக் காட்டும். புதிதாகப் பின்னச் சொல்வதானால் இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். கறுப்பும் வெள்ளையும், அல்லது மெரூனும் சந்தனமும் ஓலைப் பொருள்களோடு சண்டை போடாமல் நிற்கும். தண்ணீர் படும் இடங்களாகிய குளியலறைக்கும் பால்கனிக்கும் இதைவிடப் பொருத்தமான கூடை கிடையாது. சோப்பு நீரில் கழுவினால் புதிதாகிவிடும்.

சமையலறையில் வைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

அடுப்பிலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளி வையுங்கள். தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பின்னலுக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனிக் கூடையில் போடுங்கள், சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். தரையில் வைக்காமல் உயரத்தில் வைப்பது எலிக்கும் கரப்பானுக்கும் பாதுகாப்பு. பழைய வேட்டித் துணியை வட்டமாக வெட்டி அடியில் விரித்தால் தோலும் மண்ணும் அதிலேயே தங்கும். வாரம் ஒருமுறை துணியை மட்டும் உதறித் துவைத்தால் போதும்.

ஒரு வீட்டுக்கு எத்தனை கூடைகள் போதும்?

எண்ணிக்கை சொல்ல முடியாது. ஒரு சோதனை சொல்கிறேன். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கூடையிலும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத கூடை, குப்பையை மறைத்துவைக்கும் கூடையாகிவிட்டது. அதைக் கொட்டிப் பிரித்து, கழுவிக் காயவைத்து, தேவைப்படும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். நவராத்திரிக்குத் தாம்பூலம் கொடுக்கும் வீடுகளில், பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் ஒரு சிறு ஓலைப்பெட்டியில் வெற்றிலையும் மஞ்சளும் வைத்துக் கொடுத்தால், வாங்கிப் போகிறவர் வீட்டில் அது அடுத்த நாளே கொண்டை ஊசியோ சில்லறைக் காசோ போடும் பெட்டியாகியிருக்கும்.